இதய அறுவைக்குப் பின் இதம்

கேரளத்தின் முதல் இதய மாற்று அறுவை 2003-ஆம் ஆண்டில் எர்ணாகுளத்தில் நிகழ்ந்தது. அறுவை மருத்துவர் பணி. அதன்பின் இரவும் பகலும் நோயாளியைத் தேற்றுவது செவிலியர் பணி.

இதய அறுவைகளில் பெரும்பாலும் மார்பெலும்பைப் பிளந்து, பின்னர்க் கம்பியால் இணைப்பர். அது கூட 6 முதல் 8 வாரம் செல்லும். அதுவரை இருமினால் நோகும். நோவுக்கு அஞ்சி இருமலை அடக்கினாலோ, சளி தேங்கி நுரையீரல் அழற்சி காணக்கூடும். ஆகவேதான் தலையணையை மார்போடு அணைத்து இருமச் சொல்கின்றனர். வலி முற்றுமுன்னரே மருந்தும் தருகின்றனர். இதமளிப்பது வெறும் உபசாரமன்று, சிகிச்சையே.

நம்மவரோ பல்லைக் கடித்துக்கொண்டு, ‘ஒன்றுமில்லை’ என்பர். வீரம் காட்ட அஃது இடமன்று! மட்டாஞ்சேரித் தமிழன்பர்களே, ‘வேதன உண்டோ?’ என்று செவிலி வினவுவது மனத்துயரையன்று, உடல் வலியையே. ‘வலி’ என்பது மலையாளத்தில் இழுத்தலைக் குறிக்கும். ‘நோவு’ என்று சொல்லுங்கள், அஃது இரு மொழிக்கும் பொது.