யூதர்களுக்காக நின்ற டிராம்! ஹிட்லர் படையை அதிரவைத்த 2 நாள் ஸ்டிரைக்

ஆம்ஸ்டர்டாம்:
நெதர்லாந்து தலைநகர் ஆம்ஸ்டர்டாமில் ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரி 25-ந்தேதி ஒரு சிலைக்கு மலர் வளையம் வைக்கிறார்கள். அது ராஜா சிலை இல்லை, மந்திரி சிலையும் இல்லை. துறைமுகத் தொழிலாளியின் சிலை!

அவருக்கு ஏன் இந்த மரியாதை? 1941-ம் ஆண்டு நடந்த ஒரு ஸ்டிரைக்தான் காரணம்.

தெருவில் வேட்டை

1940 மே மாதம் ஹிட்லரின் ஜெர்மன் படை நெதர்லாந்தை பிடித்தது. யூதர் என்ற ஒரே காரணத்துக்காக அரசு ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்து அடி, உதை.

1941 பிப்ரவரி 22, 23 ஆகிய 2 நாட்களில் 400-க்கும் மேற்பட்ட யூத வாலிபர்களை தெருவில் வளைத்துப் பிடித்தனர். சதுக்கத்தில் குந்த வைத்து அடித்து, லாரியில் ஏற்றிக் கொண்டு போய்விட்டார்கள். அவர்களில் அநேகமாக யாரும் உயிரோடு திரும்பவில்லை.

குப்பை அள்ளியவர் கொடுத்த குரல்

இதைப் பார்த்து கொதித்தவர்கள் பீட் நாக், வில்லம் கிரான். ஒருவர் மாநகராட்சி துப்புரவு தொழிலாளி, இன்னொருவர் சாலைப் பணியாளர். இருவரும் கம்யூனிஸ்டுகள். அப்போது அந்தக் கட்சிக்கு தடை. ஆனாலும் 24-ந்தேதி மாலை மார்க்கெட் திடலில் கூட்டம் போட்டனர். 'நாளைக்கு வேலைக்கு போகாதே' என்று ரகசிய நோட்டீஸ் கைமாறியது.

டிராம் எதற்கு?

எல்லோரும் வேலைக்குப் போவது டிராமில்தான். டிராம் வரலைன்னா ஊருக்கே சேதி தெரிந்துவிடும்! அதனால் விடியற்காலையிலேயே டிப்போ வாசலில் நின்று டிரைவர்களிடம் பேசினார்கள். மீறி ஓடிய டிராம்களை மறித்தார்கள்.

அவ்வளவுதான். துறைமுகம், தொழிற்சாலை, கடை, ஆபீஸ் எல்லாம் காலி. கப்பல் கட்டும் தொழிலாளர்கள் படகில் ஏறி ஊருக்குள் வந்து சேர்ந்தனர். மறுநாள் பக்கத்து ஊர்களுக்கும் பரவியது.

துப்பாக்கி சூடு

முதல் நாள் திகைத்துப்போன ஜெர்மன்காரர்கள், 2-வது நாள் சுட்டார்கள். 9 பேர் பலி. ஆம்ஸ்டர்டாம் நகருக்கு 1 கோடியே 50 லட்சம் கில்டர் அபராதம். ஸ்டிரைக் முடிந்தது. மார்ச் 13-ந்தேதி சுட்டுக் கொல்லப்பட்ட 18 பேரில் 3 பேர் ஸ்டிரைக்கில் இறங்கியவர்கள். வில்லம் கிரானை 1942-ல் கொன்றார்கள். பீட் நாக் சித்ரவதையில் இருந்து தப்பிப் பிழைத்தார்.

அப்படியென்றால் தோல்வியா?

பிடிபட்ட வாலிபர்களை மீட்க முடியவில்லை என்பது உண்மை. நெதர்லாந்தில் இருந்த சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் யூதர்களில் 1 லட்சத்துக்கும் அதிகமானோர் பின்னர் கொல்லப்பட்டனர்.

ஆனால், 'நமக்கென்ன வந்தது' என்று ஊர் சும்மா இருக்கவில்லை. ஸ்டிரைக் செய்தவர்களில் பெரும்பாலானோர் யூதர்கள் இல்லை. ஒருநாள் கூலி போனால் அடுப்பு எரியாத குடும்பங்கள். அவர்கள்தான் முதலில் வேலையை விட்டு இறங்கினார்கள்.

அந்த தொழிலாளி சிலையை 1952-ல் வைத்தார்கள். வாலிபர்களை குந்த வைத்து அடித்தார்களே, அதே சதுக்கத்தில்தான் இன்றைக்கும் அது நிற்கிறது.