எண்ணெய்க் கழிவும் கிணற்று நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. கிணறே குடிநீருக்கும் தோட்டத்துக்கும் ஆதாரம். நிலத்தடிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் கழிவை வடிகட்டாது கிணற்றுக்குக் கடத்தும். சுன்னாகம் மின்னிலைய எண்ணெய்க் கழிவு அயற்கிணறுகளைக் கெடுத்த வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு விதித்தது.

ஆகவே தொழிற்சாலைக் கழிவுநீர் நிலத்தைத் தொடுமுன் சுத்திகரிக்கப்படல் வேண்டும். கசிவற்ற சீமெந்துத் தொட்டியில் அது மெதுவாக ஓடுகையில், இலேசான எண்ணெய் மிதக்கும். குறுக்குச் சுவர் எண்ணெயைத் தடுக்க, நீர் அதன் கீழாற் செல்லும். எஞ்சிய நுண்துளிகளைப் படிகாரத்தால் திரளச் செய்து, காற்றுக் குமிழிகளால் மேலெழுப்பி அகற்றுதல் வேண்டும். வழித்த எண்ணெயை நிலத்திற் புதைத்தலாகாது.

கிணற்றில் எண்ணெய்ப் படலமோ மணமோ தோன்றின், அந்நீரைக் குடித்தலாகாது. கொதிக்கவைப்பதால் எண்ணெய் நீங்காது. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உடனே அறிவித்து, நீரைப் பரிசோதிப்பித்தல் வேண்டும்.