படிக்கட்டில் ஒருத்தி: ஃபாஸ்பிண்டர் படத்தில் இன வெறுப்பு

செருமானிய இயக்குநர் ரெய்னர் வெர்னர் ஃபாஸ்பிண்டர் 1974ஆம் ஆண்டு வெளியிட்ட ‘அச்சம் ஆன்மாவைத் தின்னும்’ என்னும் படத்தின் மூலத் தலைப்பு இலக்கணப் பிழை உடையது. எழுவாய்க்கும் வினைக்கும் இயைபு இல்லை. மூனிச் நகரில் உழைக்கும் மொராக்கோ நாட்டுத் தொழிலாளி அலியின் குறைமொழி அது. அதனைத் திருத்தாது தலைப்பாக்கியமையே படத்தின் நிலைப்பாட்டை உணர்த்தும்.

அறுபது வயதை ஒட்டிய துப்புரவுப் பணியாளரான எம்மி ஒரு கைம்பெண். அவள் அலியை மணந்ததும் பிள்ளைகளும் அண்டை வீட்டாரும் அவளை ஒதுக்குகின்றனர். வசைமொழி உண்டு, எனினும் அசையாது வெறித்து நோக்கும் முகங்களே மிகுதியும் புண்படுத்துகின்றன. காமிராவும் கதவு நிலைகளுக்கு அப்பால் நின்றே இருவரையும் காண்கிறது.

பணியிடத்தில் எம்மி படிக்கட்டில் தனித்திருந்து உண்ணும் காட்சி கைப்பிடிக் கம்பிகளினூடே எடுக்கப்பட்டுள்ளது. பின்னர், அவளால் தமக்குப் பயன் உண்டு என்று கண்ட சுற்றத்தார் மீண்டும் நெருங்குகின்றனர். அப்போது ஹெர்சகோவினாவிலிருந்து வந்த யோலாண்டா அதே படிக்கட்டில், அதே கம்பிகளுக்குப் பின் அமர்ந்திருக்கிறாள். ஒதுக்குவோருள் எம்மியும் ஒருத்தி! வீட்டிலோ, கணவனின் தசைகளைத் தோழியர் தொட்டுப் பார்க்க இடந்தருகிறாள். எம்மியைக் கொடியவளாக்காமலே இம்மாற்றத்தைக் காட்டியிருப்பது இயக்குநரின் தனித்திறன் எனலாம். தான் முன்பு நாசிக் கட்சியில் இருந்ததை அவள் இயல்பாகக் கூறுவதும் இவ்விடத்து நினையத் தகும்.

இறுதியில் அலி இரைப்பைப் புண்ணால் சுருண்டு விழுகிறான். அயல்நாட்டுத் தொழிலாளரிடையே இந்நோய் மிகுதி என்றும், அறுவை செய்தாலும் ஆறு திங்களில் மீண்டும் வருவான் என்றும் மருத்துவர் எம்மியிடம் கூறுகிறார்.