பூனைக்கு உயிர் ஏழா... ஒன்பதா?

ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டில் ஒரு காலேஜ் பையனைப் பிடித்து, 'எக்ஸாம் எப்படிப்பா?' என்று கேளுங்கள். பேப்பர் ஈஸியாக இருந்திருந்தால், 'பான் கொமீதோ' என்பான். 'சாப்பிட்டு முடிச்ச ரொட்டி' என்று அர்த்தம். நம்ம பாஷையில் ஜுஜுபி மேட்டர்! அதையே வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷில் மாற்றி லண்டனில் போய்ச் சொன்னால்? 'பாவம், தம்பிக்குப் பசி போல' என்றுதான் நினைப்பார்கள். ஏன்னா, இங்கிலீஷ்காரருக்கு அது ரொட்டி இல்லீங்க... 'பீஸ் ஆஃப் கேக்'!

சுமார் 50 கோடிப் பேருக்குத் தாய்மொழி ஸ்பானிஷ். அமெரிக்காவில் மட்டும் 4 கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீட்டில் பேசுவது ஸ்பானிஷ்தான். இவர்கள் இங்கிலீஷ் படிப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. எழுத்து கிட்டத்தட்ட ஒன்றே. லத்தீன் வழியாக வந்த ஆயிரக்கணக்கான வார்த்தைகள் இரண்டுக்கும் பொது. 'ஹாஸ்பிட்டல்' என்ற வார்த்தைக்கு ஸ்பெல்லிங்கூட மாறாது. ஆனா, இடியம் என்று வந்தால்தான் இடிக்குது!

யோசிச்சுப் பாருங்க. மெக்ஸிகோவிலிருந்து வேலைக்கு வந்த ஒருவர். கிராமர் பக்கா. ஆபீஸ் கேன்டீனில் யாரோ ஒரு இடியம் சொல்ல, எல்லோரும் கொல்லென்று சிரிக்கிறார்கள். இவரும் சிரிக்கிறார், அரை செகண்ட் லேட்டாக. அந்த அரை செகண்டில்தான் ஒருத்தர் 'நம்ம ஆள்' ஆவதும், 'வெளியாள்' ஆவதும் தெரிந்துவிடுகிறது. மார்க் ஷீட்டில் தெரியாத விஷயம் இது.

கிண்டல் பயமும் சேர்ந்துகொள்ளும். 2013 செப்டம்பரில் மாட்ரிட் மேயர் ஆனா போத்தெயா, 2020 ஒலிம்பிக்ஸை தன் ஊருக்குக் கேட்டு, அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில் இங்கிலீஷில் பேசினார். நடுவே, 'ரிலாக்ஸிங் கப் ஆஃப் கஃபே கோன் லேச்சே' என்று பால் காபியை மட்டும் ஸ்பானிஷிலேயே சொல்லிவிட்டார். ஒலிம்பிக்ஸ் டோக்கியோவுக்குப் போனது. காபியோ டி-ஷர்ட் வரைக்கும் போய் கேலிப் பொருளானது. கேலி செய்தது வெள்ளைக்காரர்கள் அல்ல... அவர் ஊர்க்காரர்களே!

சரி, இந்த இடியம் கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது? மூன்று குரூப்பாகப் பிரித்துவிட்டால் பாதி பயம் போயிடும்.

அச்சு அசல் ட்வின்ஸ்

புதுசாகச் சந்திக்கும் இரண்டு பேருக்கு நடுவில் பேச்சு ஆரம்பித்தால், இங்கிலீஷில் 'பிரேக் தி ஐஸ்'. ஸ்பானிஷிலும் ஐஸை உடைப்பதுதான். குடும்பத்துக்குப் பேர் கெடுக்கும் பிள்ளை இரண்டு மொழியிலும் கறுப்பு ஆடு. 'போதும்டா சாமி' என்று கைவிட்டால் இரண்டிலும் டவலைத் தூக்கிப் போடுவார்கள். அது பாக்ஸிங் ரிங் தந்த உபயம். ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய்? பைபிளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் வந்தது. ஆக, இதெல்லாம் ஸ்பானிஷ்காரருக்கு ஓசியில் கிடைக்கும் மார்க்!

ஒண்ணுவிட்ட கசின்ஸ்

இங்கேதான் உஷாரா இருக்கணும். ஐடியா ஒன்று, பொருள் மட்டும் வேறு. இங்கிலீஷ் பூனைக்கு ஒன்பது உயிர். ஸ்பானிஷ் பூனைக்கு ஏழுதான்! நாம் ஒரு கல்லில் இரண்டு மாங்காய் அடிப்போம். இங்கிலீஷ்காரர் ஒரு கல்லில் இரண்டு பறவைகளை அடிப்பார். ஸ்பானிஷ்காரர் கல்லை விட்டுவிட்டு ஒரே ஷாட்டில் சுட்டு வீழ்த்துவார்.

ஒருத்தரைக் கலாய்ப்பதற்கு இங்கிலீஷில் 'காலை இழுக்கறது'. ஸ்பானிஷில் 'முடியை எடுக்கறது'. 'என் முடியை எடுக்கறியா?' என்று இங்கிலீஷில் கேட்டுப் பாருங்க, எதிராளி உங்களை பார்பர் ஷாப்புக்கு அனுப்பிடுவார். யானை விலை, குதிரை விலை சொன்னால் இங்கிலீஷில் அது ஒரு கையையும் காலையும் கேட்கும். ஸ்பானிஷில் முகத்திலிருந்து ஒரு கண்ணையே கேட்கும். ஸ்பானிஷில் கண்ணுக்குப் பேர் என்ன தெரியுமா? 'ஓஹோ'!

வாழ்க்கைத் துணை இங்கிலீஷில் 'பெட்டர் ஹாஃப்'. ஸ்பானிஷில் 'மெதியா நாரான்ஹா', அதாவது பாதி ஆரஞ்சு. இந்த நாரான்ஹாவின் ஜாதகத்தைக் கொஞ்சம் பாருங்க. அரபி, பாரசீகம், சமஸ்கிருதம் என்று பின்னாலேயே போனால், கடைசியில் திராவிட மொழிகளில் போய் நிற்கிறது என்கிறார்கள் மொழி ஆய்வாளர்கள். நம்ம நாரத்தங்காய்க்குச் சொந்தக்காரன்!

சம்பந்தமே இல்லாதவங்க

லவ்வைச் சொன்னவருக்கு நாம 'அல்வா' கொடுத்தால், ஸ்பெயினில் 'பூசணிக்காய்' கொடுப்பார்கள். நடக்கவே நடக்காத விஷயத்துக்கு இங்கிலீஷ்காரர் பன்றி பறக்கும்வரை காத்திருப்பார். ஸ்பானிஷ்காரர் தவளைக்கு முடி முளைக்கும்வரை! பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த ஆள் வந்து நின்றால் இங்கிலீஷில் அவர் சாத்தான். ஸ்பானிஷில் கொஞ்சம் மரியாதை ஜாஸ்தி, ரோமாபுரி ராஜா! நம்ம ஊரில் ஒருத்தர் மண்டையைப் போட்டால், இங்கிலீஷில் பக்கெட்டை உதைப்பார், ஸ்பானிஷில் காலை நீட்டிவிடுவார்.

இடியம் என்பது ஒரு ஐ.சி. சிப் மாதிரி. உடைத்து உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டரை எல்லாம் எண்ணிக்கொண்டு உட்கார்ந்தால் வேலைக்கு ஆகாது. இந்தப் பக்கம் என்ன கொடுத்தால் அந்தப் பக்கம் என்ன வரும் என்பதுதான் முக்கியம். 'பக்கெட்', 'உதை' இரண்டுக்கும் அகராதியில் அர்த்தம் பார்த்தால் சாவு வராது. மொத்தமாகச் சேர்ந்தால்தான் வரும். பக்கெட்டை எடுத்துவிட்டு, அதே அர்த்தம் தரும் 'பெய்ல்' என்ற வார்த்தையைப் போட்டாலும் சிப் வேலை செய்யாது!

அப்போ எப்படிப் படிக்கறதாம்?

* வார்த்தையை மொழிபெயர்க்காதீங்க, சிச்சுவேஷனை மொழிபெயர்க்கணும். 'பீஸ் ஆஃப் கேக்' பக்கத்தில் 'கேக் துண்டு' என்று எழுதுவதைவிட, 'பான் கொமீதோ' என்று எழுதிவைக்கும் ஸ்பானிஷ் மாணவருக்கு அது மறக்கவே மறக்காது.

* முதலில் புரிஞ்சுக்கங்க, அப்புறம் பேசலாம். பூனையும் நாயுமாக மழை பெய்கிற இடியம் பாடப்புத்தகத்தில் பிரபலம். ஆனால், இங்கிலீஷ்காரர்களே அதை அபூர்வமாகத்தான் சொல்கிறார்கள். 'போரிங்' என்றால் போதும், மழை கொட்டும்.

* இடம் பார்த்துப் பேசணும். பக்கெட்டை உதைக்கிற இடியத்தை துக்க வீட்டில் போய்ச் சொன்னால் உங்களையும் சேர்த்து உதைப்பார்கள்.

* புரியலைன்னா கேட்டுடுங்க. ஸ்பெயினில் 'வழி தவறியாச்சு, அப்புறமென்ன... ஆத்துலயே குதி' என்று ஒரு சொலவடை உண்டு. முழுக்க நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்குங்கற மாதிரி. இதையே வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷாக்கி, 'ஃப்ரம் லாஸ்ட் டு தி ரிவர்' என்று அவர்கள் தங்களைத் தாங்களே கலாய்த்துக்கொள்வார்கள். அந்தத் தலைப்பில் ஒரு காமெடி புத்தகமே வந்திருக்கு. தன் தப்பைப் பார்த்துத் தானே சிரிக்கிறவரை எவன் கிண்டல் பண்ண முடியும்?

வாங்கினது மட்டுமா, கொடுத்ததும் உண்டு!

ஸ்பானிஷ்காரர்கள் கூச்சப்பட வேண்டாம் என்பதற்கு சரித்திரத்திலேயே சாட்சி இருக்கு. இல்லாத எதிரியோடு மல்லுக்கு நிற்பதை இங்கிலீஷில் 'டில்ட்டிங் அட் விண்ட்மில்ஸ்' என்பார்கள். அது 1605-ல் செர்வாண்டிஸ் எழுதிய 'டான் குவிக்ஸாட்' நாவலில், காற்றாலையை ராட்சசன் என்று நினைத்து மோதிய ஹீரோ தந்தது. 'மொமன்ட் ஆஃப் ட்ரூத்', ஸ்பெயினின் காளைச் சண்டையில் வீரன் கடைசியாக வாளை இறக்கும் நொடி. 1932-ல் ஹெமிங்வே தன் புத்தகத்தில் எழுதி அதை இங்கிலீஷுக்குக் கொண்டுவந்தார்.

இன்னொன்று, நமக்கும் சொந்தம். 1936-ல் ஸ்பெயின் உள்நாட்டுப் போர். நான்கு படைப்பிரிவுகள் மாட்ரிட்டை நோக்கிப் போக, நகரத்துக்குள்ளேயே ஐந்தாவது படை ஒன்று மறைந்திருக்கிறது என்றாராம் ஜெனரல் மோலா. அது இங்கிலீஷில் 'ஃபிப்த் காலம்' ஆனது. தமிழில்? நம்ம அரசியல் மேடைகளில் கூடஇருந்தே குழிபறிக்கிறவர்களைத் திட்டும் அதே 'ஐந்தாம்படை'தாங்க!

வார்த்தைகளே பாஸ்போர்ட், விசா இல்லாம இப்படி ஊர் சுற்றும்போது, 'அப்படின்னா என்னங்க அர்த்தம்?' என்று கேட்பதில் நமக்கு என்ன வெட்கம்? பதில் கிடைத்துவிட்டால் அடுத்த தடவை அரை செகண்ட் முன்னாடியே சிரிச்சிடலாம்.

பூனைக்கு உயிர் ஏழோ, ஒன்பதோ... பொழைச்சுக்கிச்சா இல்லையா, அதுதானே மேட்டர்!