‘முழு இழப்பு’ என்று கம்பனி சொன்னால்...

யுத்தத்தின் பின்னர் வடக்கு, கிழக்கில் பெண்கள் தலைமை தாங்கும் எத்தனையோ குடும்பங்களுக்கு ஓர் ஆட்டோவே சோறு போடுகின்றது. 2009இல் யுத்தம் முடிவுற்ற பின்னர் லீசிங் கம்பனிகளின் கிளைகள் எமது நகரங்களிலும் திறக்கப்பட்டன. நகையை அடகு வைத்து முற்பணம் கட்டி, மாதாமாதம் தவணை செலுத்தி ஆட்டோ வாங்கிய சகோதரிகள் பலர் எம்மிடையே உள்ளனர். சிலர் தாமே ஓட்டுகின்றனர். சிலர் தம்பியிடமோ மருமகனிடமோ கொடுத்து நாள் வாடகை பெறுகின்றனர். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதும், சந்தைக்கு மரக்கறி கொண்டு செல்வதும், கிளினிக்குக்குத் தாய்மாரை அழைத்துச் செல்வதும் இந்த ஆட்டோதான்.

ஒருநாள் அந்த ஆட்டோ விபத்தில் சிக்கி நொறுங்கிப் போகின்றது. காப்புறுதிக் கம்பனியிலிருந்து ஒருவர் வந்து பார்க்கின்றார். “அக்கா, இது இனித் திருத்த ஏலாது. ரோட்டல் லொஸ்தான். இதில ஒரு கையெழுத்து வையுங்கோ, காசு வரும்” என்கின்றார். பத்திரம் ஆங்கிலத்தில் இருக்கின்றது. லீசிங் தவணை தலைக்கு மேல் நிற்கின்றது. பெரும்பாலான பெண்கள் கையெழுத்து வைத்து விடுகின்றனர். எவ்வளவு காசு, அதில் யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் பின்னரே தெரிய வருகின்றது.

கம்பனி முதலில் சொல்லும் தொகை ஒரு பிரேரணை மட்டுமே. அதை ஏற்கலாம், மறுக்கலாம், காரணம் கேட்கலாம். கையெழுத்து வைக்கும் முன்னர் நாம் அறிந்திருக்க வேண்டிய சில விடயங்களை இங்கு பார்ப்போம்.

உங்களிடம் இருப்பது எந்தக் காப்புறுதி?

வீதியில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் காப்புறுதி இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் கட்டாயம். ஆனால் சட்டம் கட்டாயமாகக் கேட்பது ‘மூன்றாம் தரப்பு’க் காப்புறுதியை மட்டுமே. உங்கள் வாகனத்தால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கே அது பொறுப்பேற்கும். உங்கள் ஆட்டோ உடைந்தால் அதிலிருந்து உங்களுக்கு எதுவும் கிடைக்காது. உங்கள் வாகனத்தின் சேதத்துக்கும் பணம் கிடைக்க வேண்டுமாயின் ‘முழுக் காப்புறுதி’ செய்திருக்க வேண்டும். லீசிங்கில் எடுத்த வாகனங்களுக்கு லீசிங் கம்பனிகள் வழமையாக முழுக் காப்புறுதியையே கேட்கும்.

முழுக் காப்புறுதி இருந்தும் பணம் மறுக்கப்படும் சந்தர்ப்பங்கள் உண்டு. தனிப்பட்ட பாவனைக்கு எனக் காப்புறுதி செய்துவிட்டு வாடகைக்கு ஓட்டுவது அதில் முக்கியமானது. பாடசாலைப் பிள்ளைகளைக் காசுக்கு ஏற்றுவதும் வாடகை ஓட்டமே. ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாமை, மதுபோதை என்பனவும் காரணங்களாகும். வேறொருவரை ஓட்டியதாகக் காட்டச் சொல்லி யாரும் ஆலோசனை கூறினால் கேட்காதீர்கள். பொய்யான வாக்குமூலம் முழுக் கோரிக்கையையும் கெடுத்துவிடும்.

‘முழு இழப்பு’ என்றால் என்ன?

வாகனம் இனி ஒருபோதும் ஓடாது என்பது மட்டும் இதன் பொருளன்று. திருத்தும் செலவு வாகனத்தின் பெறுமதியை நெருங்கினால், திருத்துவதில் பயனில்லை எனக் கம்பனி தீர்மானிக்கின்றது. எஞ்சின் நல்ல நிலையில் இருந்தாலும் இவ்வாறு தீர்மானிக்கப்படலாம். இதன் எல்லை கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். ஆகவே, “எந்த மதிப்பீட்டின்படி முழு இழப்பு எனத் தீர்மானித்தீர்கள்?” என்று கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு.

இங்கு கராஜ் கொடுக்கும் மதிப்பீடு முக்கியம். கம்பனிதானே காசு கொடுக்கப் போகின்றது என்று சில கராஜ்காரர் செலவைக் கூட்டி எழுதுவர். அது நமக்கு உதவி போலத் தோன்றினாலும், திருத்தக்கூடிய வண்டியை முழு இழப்புப் பட்டியலில் தள்ளிவிடலாம். ஆகையால் இரண்டு கராஜ்களில் எழுத்தில் மதிப்பீடு எடுங்கள். கம்பனி அனுமதி தருமுன் திருத்த வேலையைத் தொடங்கவும் விடாதீர்கள்.

எவ்வளவு கிடைக்கும்?

விபத்துக்குச் சற்று முன்னர் அந்த வாகனம் சந்தையில் எவ்வளவு பெறுமோ, அதுவே பொதுவாகக் கொடுக்கப்படும் தொகை. ஆனால் அது காப்புறுதிப் பத்திரத்தில் எழுதப்பட்ட ‘காப்புறுதித் தொகை’யை விட அதிகமாக இருக்க முடியாது. இரண்டில் எது குறைவோ அதுவே கிடைக்கும்.

இந்த விதி அண்மைய வருடங்களில் பலரைப் பாதித்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே தனிப்பட்ட வாகனங்களுக்கு அது மீளத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய ஆட்டோவின் விலைகூட முன்னர் புதிய ஆட்டோவுக்கு இருந்த விலையைத் தாண்டிச் சென்றது. ஆனால் பலர் வருடா வருடம் பழைய தொகைக்கே காப்புறுதியைப் புதுப்பித்து வந்தனர்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். சந்தையில் 12 இலட்சம் ரூபா பெறும் ஆட்டோ ஒன்று 8 இலட்சத்துக்கே காப்புறுதி செய்யப்பட்டுள்ளது. லீசிங் மிகுதி 5 இலட்சம். முழு இழப்பு என்றால் கூடியது 8 இலட்சம்தான் கிடைக்கும். 5 இலட்சம் லீசிங்குக்குப் போக, கையில் வருவது 3 இலட்சம். அதே ஆட்டோ 12 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்யப்பட்டிருந்தால் கையில் 7 இலட்சம் வந்திருக்கும். விபத்தின்போது உரிமையாளர் தாங்க வேண்டிய முதற்தொகை என ஒன்று பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தால் அதுவும் கழிக்கப்படும்.

வண்டி முழுமையாக உடையாத போதும் குறைந்த தொகைக்குக் காப்புறுதி செய்தது பாதிக்கும். பல காப்புறுதிப் பத்திரங்களில் ‘சராசரி நிபந்தனை’ உண்டு. அதன்படி, மேற்சொன்ன ஆட்டோவுக்கு 3 இலட்சம் திருத்தச் செலவு வந்தால், 12இல் 8 பங்கு என்ற கணக்கில் 2 இலட்சமே கொடுக்கப்படும். மிகுதி ஒரு இலட்சம் உங்கள் தலையில்.

மறுபக்கமும் உண்டு. 12 இலட்சம் பெறுமதியான வண்டியை 15 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தால் 15 இலட்சம் கிடைக்கும் என எண்ண வேண்டாம். சந்தைப் பெறுமதியே கிடைக்கும். கூடுதலாகக் கட்டிய கட்டுப்பணம் வீண்.

லீசிங் கடன் என்னவாகும்?

லீசிங்கில் உள்ள வாகனத்தின் பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயரும் உரிமையாளராகப் பதியப்பட்டிருக்கும். ஆகவே காப்புறுதிப் பணம் முதலில் அவர்களுக்கே செல்லும். கடனைத் தீர்த்த பின்னர் மிஞ்சுவதே உங்களுக்கு. காப்புறுதிப் பணம் கடனுக்குப் போதாவிட்டால் மிகுதிக் கடனுக்கு நீங்களும் பிணை நின்றவர்களுமே பொறுப்பு. ஆட்டோ இல்லாது போனாலும் கடன் இல்லாது போவதில்லை.

எனவே விபத்து நடந்த உடனேயே லீசிங் கம்பனிக்கும் எழுத்தில் அறிவியுங்கள். அன்றைய திகதியில் கடனை முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கடிதத்தைக் கேட்டுப் பெறுங்கள். அதில் தண்டப்பணம், வட்டி என்பன தனித்தனியாகக் காட்டப்பட வேண்டும் எனக் கேளுங்கள். காப்புறுதி முடியும்வரை தவணைக்கு அவகாசம் தருமாறு கோருங்கள். அவகாசம் தந்தால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். இடைவெளியை நிரப்ப நுண்கடன் எடுப்பதைக் கூடியவரை தவிருங்கள். வாரக் கடனால் எத்தனை குடும்பங்கள் நிலைகுலைந்தன என்பதை நாம் நேரில் கண்டிருக்கின்றோம்.

உடைந்த வண்டி யாருக்கு?

முழு இழப்புப் பணத்தைக் கொடுத்த பின்னர் உடைந்த வண்டியைக் கம்பனி எடுத்துக்கொள்ளும். கேள்விப்பத்திரம் கோரி அதை விற்கும். நீங்களே வைத்துக்கொள்ள விரும்பினால் அதன் பெறுமதியைக் கழித்து மிகுதியைத் தருவார்கள். உதாரணமாக, 12 இலட்சம் தர வேண்டிய இடத்தில் உடைந்த வண்டிக்கு 3 இலட்சம் மதிப்பிட்டால், வண்டியும் 9 இலட்சமும் உங்களுக்கு. எஞ்சினும் பாகங்களும் 3 இலட்சத்துக்கு மேல் விலைபோகும் என்று நம்பிக்கையான மெக்கானிக் ஒருவர் கூறினால் மாத்திரம் இதைப் பற்றி யோசியுங்கள். லீசிங் கம்பனியின் சம்மதமும் இதற்குத் தேவை.

கம்பனியிடம் ஒப்படைப்பதாயின், வெற்றுப் படிவங்களில் கையெழுத்திடாதீர்கள். எந்தத் திகதியில் யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்பதற்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உங்கள் பெயர் நீக்கப்படும்வரை அந்த வாகனம் உங்களுடையதாகவே கணக்கில் இருக்கும். யாரோ அதைத் திருத்தி ஓட்டி இன்னொரு விபத்து நடந்தால் பொலிஸ் முதலில் உங்கள் வீட்டுக்கே வரும்.

தொகை குறைவு எனக் கருதினால்

வாய்ப்பேச்சில் தர்க்கம் செய்வதால் பயன் குறைவு. ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் மூன்று விடயங்களைக் கேளுங்கள். மதிப்பீட்டாளரின் அறிக்கையின் பிரதி, சந்தைப் பெறுமதியை எப்படிக் கணித்தனர் என்ற விளக்கம், உடைந்த வண்டியின் பெறுமதியை எப்படித் தீர்மானித்தனர் என்ற விபரம். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியையும் தபால் பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

உங்கள் பக்கச் சான்றுகளையும் சேருங்கள். அதே வகை, அதே வருட ஆட்டோக்களுக்குப் பத்திரிகையில் வந்த விற்பனை விளம்பரங்கள், வாகன விற்பனையாளர் இருவரிடம் எழுத்தில் பெற்ற விலை, விபத்துக்கு முன் மாற்றிய டயர், பற்றரி, ஹூட் என்பவற்றின் பில்கள், வண்டியின் பழைய புகைப்படங்கள் யாவும் உதவும்.

கம்பனி தரும் இறுதிப் படிவத்தில், இத்தொகையை முழுமையானதும் இறுதியானதுமான கொடுப்பனவாக ஏற்கின்றேன் என்ற வாசகம் வழமையாக இருக்கும். அதில் கையெழுத்திட்ட பின்னர் கூடுதல் தொகை கேட்பது மிகக் கடினம். ஆகவே தமிழில் விளங்கப்படுத்தும்வரை கையெழுத்திடாதீர்கள். “வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு நாளைக்குத் தாறன்” என்று கூறுங்கள். அப்படிக் கூறுவதில் எந்தத் தவறும் இல்லை.

எங்கே முறையிடலாம்?

முதலில் கிளை முகாமையாளரிடமும், பின்னர் கம்பனியின் தலைமை அலுவலகத்திடமும் எழுத்தில் முறையிட வேண்டும். அங்கு தீர்வு கிடைக்காவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனை அணுகலாம். இலங்கையில் 2005 முதல் இயங்கும் இந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை. கம்பனியின் பதில் கடிதத்தையும் இணைத்து அனுப்ப வேண்டும்.

காப்புறுதிக் கம்பனிகளைக் கண்காணிக்கும் அரச நிறுவனம் ஒன்றும் உண்டு. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சபையாக அமைக்கப்பட்ட அது, 2017 முதல் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு எனப்படுகின்றது. அரச நிறுவனம் ஆகையால் அதற்குத் தமிழிலேயே எழுதலாம். சட்டத்தரணிக்குச் செலவிட வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு போன்ற இடங்களிலுள்ள அலுவலகங்களில் ஆலோசனை பெறலாம்.

வாகனம் யாருடைய பெயரில்?

எமது பிரதேசங்களுக்கே உரிய சிக்கல் இது. சில ஆட்டோக்களும் மோட்டார் சைக்கிள்களும் இறந்துபோன அல்லது காணாமற்போன கணவரின் பெயரிலேயே உள்ளன. இன்னும் சில, பெயர் மாற்றாமல் கையெழுத்திட்ட படிவத்துடன் கைமாறியவை. விபத்து நடந்து நட்டஈடு கேட்கும்போதுதான், “உரிமையாளர் எங்கே?” என்ற கேள்வி எழுகின்றது. அந்தக் கேள்வி ஒரு பெண்ணின் ஆறாத காயத்தைக் கீறுகின்றது. பணமும் தடைப்படுகின்றது.

கணவர் காணாமற்போயிருந்து, மரணச் சான்றிதழ் எடுக்க மனம் இடம் தராதவர்கள், 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெறலாம். அவர் இறந்துவிட்டார் என்று நீங்கள் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. அந்தச் சான்றிதழைக் கொண்டு வாகன ஆவணங்களை எவ்வாறு ஒழுங்கு செய்யலாம் எனச் சட்ட உதவி அலுவலகத்தில் கேட்டறியுங்கள். விபத்து நடக்குமுன் இதைச் செய்வதே நல்லது.

இன்னுமொன்று. பெண் ஒருத்தி தனியே சென்றால், “வீட்டில ஆம்பிளை ஆரும் இல்லையோ? அவரை வரச்சொல்லுங்கோ” என்று கூறும் அலுவலகங்கள் இன்றும் உண்டு. பத்திரத்தில் பெயர் உள்ளவர் நீங்கள் என்றால் பேச வேண்டியவரும் நீங்களே. தனியே செல்லத் தயக்கமாயின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் உள்ள இன்னொரு சகோதரியைக் கூட்டிச் செல்லுங்கள். பேசியவரின் பெயரையும் திகதியையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.

இன்றே செய்யக்கூடியவை

காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். முழுக் காப்புறுதியா, என்ன பாவனைக்கு, எவ்வளவு தொகைக்கு என்பதைத் தெரிந்த ஒருவரிடம் வாசிப்பித்து அறியுங்கள். இரண்டு வாகன விற்பனையாளரிடம் உங்கள் வண்டியின் இன்றைய விலையைக் கேளுங்கள். வித்தியாசம் பெரிதாயின், புதுப்பிக்கும் நாள்வரை காத்திராமல் தொகையைத் திருத்தக் கோருங்கள். கட்டுப்பணம் சற்றுக் கூடும். ஆனால் ஒரு விபத்தில் இழக்கக்கூடியதுடன் ஒப்பிட்டால் அது சிறு தொகையே.

பதிவுப் புத்தகத்தின் பிரதி, காப்புறுதிப் பத்திரம், லீசிங் ஒப்பந்தம், தவணைப் பற்றுச்சீட்டுகள், திருத்த வேலைப் பில்கள் என்பவற்றை ஒரே பையில் இட்டு வீட்டில் வையுங்கள். காப்புறுதி அட்டையும் கம்பனியின் தொலைபேசி இலக்கமும் வண்டியில் இருக்கட்டும். விபத்து நடந்தால் காயப்பட்டவரை முதலில் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். அதன்பின் பொலிஸுக்கும் கம்பனிக்கும் அறிவித்து, நான்கு பக்கமும் புகைப்படம் எடுத்து, மற்றைய வாகனத்தின் இலக்கத்தையும் அதன் காப்புறுதி விபரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். இவற்றை வண்டி ஓட்டும் தம்பிக்கும் மருமகனுக்கும் இப்போதே சொல்லிக் கொடுங்கள்.

இடம்பெயர்வுகளில் நாம் இழந்த பலவற்றுக்குக் கணக்கும் இல்லை, கேட்க இடமும் இல்லை. மாதாமாதம் கட்டுப்பணம் கட்டிக் காத்த இந்த ஆட்டோவுக்குக் கணக்கு உண்டு, கேட்க இடமும் உண்டு. சகோதரிகளே, உங்களுக்குரியதைக் கேட்டுப் பெறுங்கள்.