வீட்டிற்கேற்ற கணினி

நுழையும்முன்

படிப்பிற்கும் அலுவலுக்கும் உறவினரோடு உரையாடுவதற்கும் இன்று கணினி உதவுகிறது. அதனை வாங்க ஒரு குடும்பம் பல மாதங்கள் பணம் சேர்க்க வேண்டியிருக்கும். கடைக்காரர் கூறும் சொற்களின் பொருள் விளங்காவிட்டால், தேவையற்றதற்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுத் தேவையானதை விட்டுவிட நேரும். ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பது பழமொழி. கணினியின் உறுப்புகளையும் திரையையும் அறிந்து தேர்ந்தெடுக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

பணி முதலில், கருவி பின்னர்

கடைக்குச் செல்லுமுன், வீட்டில் உள்ளவர்கள் கணினியில் செய்யவிருக்கும் பணிகளைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். கட்டுரை தட்டச்சு செய்தல், இணையவழி வகுப்பு, வரவு செலவுக் கணக்கு, ஊரிலுள்ள தாத்தா பாட்டியுடன் காணொலி உரையாடல் ஆகியவற்றிற்கு நடுத்தரத் திறனுள்ள கணினியே போதும். காணொலிகளைத் தொகுப்பவர்களுக்கும் முப்பரிமாண விளையாட்டுகளை ஆடுபவர்களுக்குமே தனியான வரைகலை அட்டை தேவைப்படும். அது விலை மிகுந்தது. மின்சாரத்தையும் மிகுதியாகச் செலவிடும்.

பெட்டிக்குள் இருப்பவை

கணினியின் வேகத்தை முதன்மையாக மூன்று உறுப்புகள் முடிவு செய்கின்றன. அவை செயலகம், நினைவகம், சேமிப்பகம் ஆகும். ஒரு மாணவர் படிக்கும் அறையோடு இவற்றை ஒப்பிடலாம். செயலகம் கணக்குப் போடும் மாணவர். நினைவகம் அவர்முன் உள்ள மேசை. சேமிப்பகம் புத்தக அலமாரி.

மேசை சிறியதாயின், ஒரு புத்தகத்தை எடுத்து வைத்த பின்னரே மற்றொன்றை விரிக்க முடியும். மாணவர் எவ்வளவு திறமையுடையவராயினும் வேலை தாமதமாகும். நினைவகம் குறைந்த கணினியின் நிலையும் இதுவே. இன்றைய வீட்டுப் பணிகளுக்கு 8 ஜி.பி. நினைவகம் வேண்டும், 16 ஜி.பி. இருப்பின் பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை. மின்சாரம் நின்றால் நினைவகத்தில் உள்ளவை மறைந்துவிடும். ஆதலால் எழுதியதை அவ்வப்போது சேமிக்க வேண்டும்.

சேமிப்பகம் இருவகைப்படும். வன்தட்டில் தட்டுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும். தகவலைப் படிக்கும் முனை உரிய இடத்தைத் தேடிச் செல்லும். எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் பாகமே இல்லை. எனவே அது விரைவாக இயங்கும். அதிர்ச்சியையும் ஓரளவு தாங்கும். பழைய கணினி மெதுவாக இயங்கினால், அதனை உடனே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. வன்தட்டிற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்தி, நினைவகத்தையும் கூட்டினால் பெரும்பாலும் அது புத்துயிர் பெறும்.

கண் காணும் உறுப்பு

பலர் பெட்டிக்கே பணம் முழுவதையும் செலவிட்டுவிட்டு, மிஞ்சிய தொகையில் ஏதேனும் ஒரு திரையை வாங்குகின்றனர். இது சரியன்று. பெட்டியின் உறுப்புகளைப் பின்னர் ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ள இயலும். திரையை அவ்வாறு மேம்படுத்த முடியாது. நல்ல திரை, பெட்டி மாறிய பின்னரும் பயன்படும். எல்லாவற்றிற்கும் மேலாக, நாள்தோறும் மணிக்கணக்கில் கண் நோக்குவது அதனையே.

திரையின் அளவு, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை அங்குலத்தில் அளக்கப்படுகிறது. 24 அங்குல அகலத்திரை ஏறத்தாழ 53 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் உடையது. வாங்குமுன் மேசையை அளந்து பார்த்தல் நன்று.

திரையில் தோன்றும் எழுத்தும் படமும் நுண்ணிய படப்புள்ளிகளால் ஆனவை. ‘ஃபுல் எச்.டி.’ திரையில் கிடைவரிசையில் 1,920 புள்ளிகளும் நெடுவரிசையில் 1,080 புள்ளிகளும் உள்ளன. மொத்தம் 20,73,600 புள்ளிகள். இதே எண்ணிக்கையை 27 அங்குலத் திரையில் பரப்பினால் ஒவ்வொரு புள்ளியும் பெரிதாகும்; எழுத்தின் கூர்மை குறையும். மெய்யெழுத்தின் தலைப்புள்ளியும் ணகரத்தின் சுழிகளும் தெளிவாகத் தெரிய வேண்டுமெனில், ஃபுல் எச்.டி.க்கு 22 முதல் 24 அங்குலம் வரை பொருத்தமானது. 27 அங்குலம் விரும்புவோர் அதனினும் மிகுதியான புள்ளிகள் உள்ள திரையைத் தேர்ந்தெடுக்கலாம்.

திரைப்பலகையின் வகையையும் கேட்டறிய வேண்டும். ஐ.பி.எஸ். வகைத் திரையில், பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் வண்ணங்கள் பெரிதும் மாறுவதில்லை. குடும்பத்தினர் பலர் ஒன்றாக அமர்ந்து பார்க்க இது ஏற்றது. படத்தை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரை, அதாவது 60 ஹெர்ட்ஸ் திரை, படிப்பிற்குப் போதுமானது. கணினியிலும் திரையிலும் எச்.டி.எம்.ஐ. போன்ற ஒரே வகை இணைப்புத் துளை உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

கடையிலேயே திரையை இயக்கச் செய்து, முழு வெண்மையும் முழுக் கருமையும் காட்டச் சொல்ல வேண்டும். வெண்மையில் கரும்புள்ளியோ கருமையில் ஒளிப்புள்ளியோ நிலையாகத் தெரிந்தால், அங்கே படப்புள்ளி பழுதுற்றிருக்கிறது எனக் கொள்ளலாம்.

இடமாற்றம் பெறும் குடும்பங்கள்

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறும் குடும்பங்கள் மேலும் சிலவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மடிக்கணினி எடுத்துச் செல்ல எளிது. ஆயினும் அதன் திரை சிறியது. குனிந்தே பார்க்க நேரும். மேசைக்கணினியைப் பழுதுபார்ப்பதும் மேம்படுத்துவதும் எளிது. சுமந்து செல்வது கடினம். மடிக்கணினியோடு தனித்திரை ஒன்றை இணைத்துக்கொள்வது இரண்டின் நன்மையையும் தரும்.

தில்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லேமிங்டன் சாலை, பெங்களூருவின் எஸ்.பி. சாலை, சென்னையின் ரிட்சி தெரு ஆகியவை கணினிக் கடைகள் நிறைந்த இடங்கள். அங்கு உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிப் பொருத்தித் தரச் சொல்லலாம். ஆனால் உத்தரவாதம் அந்தக் கடைக்கு மட்டும் உரியதா, பிற நகரங்களிலும் செல்லுமா எனக் கேட்டறிய வேண்டும். தொடர் எண் குறித்த ரசீதைப் பாதுகாக்க வேண்டும்.

திரை வந்த அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் எறிந்துவிடலாகாது. இடமாற்றத்தின்போது திரையை அதிலேயே நிமிர்த்தி வைத்து அனுப்புவதே பாதுகாப்பு. முக்கியமான கோப்புகளின் படியை வெளிச் சேமிப்பகத்தில் எடுத்து, அதனைக் கைப்பையில் கொண்டு செல்ல வேண்டும். உடைந்த கருவிக்கு வேறொன்று வாங்கலாம். அழிந்துபோன குடும்பப் படங்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

அமைக்கும் முறை

திரை ஒரு கை நீள தொலைவிலும், அதன் மேல்விளிம்பு கண்மட்டத்திற்குச் சற்றுக் கீழாகவும் அமைய வேண்டும். சன்னல் பக்கவாட்டில் இருப்பது நன்று. பின்னால் இருந்தால் ஒளி திரையில் பட்டு எதிரொளிக்கும். எதிரே இருந்தால் கண் கூசும். 20 நிமிடத்திற்கு ஒருமுறை, 20 அடி தொலைவில் உள்ள பொருளை 20 நொடிகள் நோக்கிக் கண்ணுக்கு ஓய்வு தர வேண்டும்.

மேசைக்கணினியை நிலஇணைப்புள்ள மும்முனைச் செருகுவாயிலில் இணைக்க வேண்டும். மின்தடை மிகுந்த ஊர்களில் யூ.பி.எஸ். கருவி உதவும். மின்சாரம் நின்றதும் அது சில நிமிடங்கள் மின்னாற்றல் தரும். அதற்குள் கோப்புகளைச் சேமித்து, கணினியை முறையாக நிறுத்திவிடலாம்.

தமிழ் எழுத்துப் பொறித்த விசைப்பலகையைத் தேடி அலைய வேண்டியதில்லை. இயங்குதளத்தின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால், எல்லா விசைப்பலகைகளிலும் தமிழில் எழுதலாம். தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற ‘தமிழ்99’ முறையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம் அமைந்துள்ளன. மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம் உள்ளன. சில நாள் பழகினால் பாட்டிக்குத் தமிழிலேயே மடல் எழுதலாம்.

பணிக்கேற்ற பெட்டி, கண்ணுக்கேற்ற திரை, முறையான அமைப்பு ஆகிய மூன்றும் பொருந்திய கணினியே வீட்டிற்கேற்ற கணினி ஆகும்.

சொற்பொருள்

செயலகம் – கணினியின் கணக்கிடும் உறுப்பு
இயங்குதளம் – கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்
நிலஇணைப்பு – மின்கசிவை நிலத்திற்குக் கடத்தும் கம்பி
படி – நகல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. நினைவகம் எதனோடு ஒப்பிடப்படுகிறது? ஏன்?
2. கடையில் திரையைச் சோதிக்கும் முறை யாது?
3. சன்னல் திரைக்குப் பின்னாலோ எதிரிலோ அமையாமல் பக்கவாட்டில் அமைவது ஏன் நன்று?

ஆ. சிந்தித்து எழுதுக.
ஒரு குடும்பம் அடுத்த ஆண்டு வேறு மாநிலத்திற்கு இடம்பெயர உள்ளது. தாய்க்கு அலுவல் கணக்குப் பணி உண்டு. மகளுக்கு இணையவழி வகுப்பு உண்டு. அவர்களுக்கு எத்தகைய கணினியைப் பரிந்துரைப்பீர்? காரணங்களுடன் எழுதுக.

இ. செயல்பாடு
உம் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள கணினித் திரையின் மூலைவிட்டத்தைச் செ.மீ.இல் அளந்து, 2.54ஆல் வகுத்து அங்குலத்தில் குறிப்பிடுக.