வாவிக்கரை மண்ணெண்ணெயும் வானத்து விமானமும்

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தைக் கடந்து நகரை நோக்கிச் செல்லும் வேளைகளில் என் கண்ணில் தவறாமல் பட்ட காட்சி ஒன்று உண்டு. எரிபொருள் நிலையத்தின் வாசலிலிருந்து தெருவோரமாக, மஞ்சளும் நீலமும் வெள்ளையுமாக வெறும் பிளாஸ்டிக் கான்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். அவற்றின் காதுகளைக் கோத்து ஒரு நைலோன் கயிறு ஓடும். அவற்றுக்குச் சொந்தக்காரர்களோ எதிரே மரநிழலில், வராத பவுசரின் வரவை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுள் எனக்குப் பழக்கமான மீனவர் ஒருவர், எஞ்சின் போட்டைக் கரையில் இழுத்துவைத்துவிட்டு வந்தவர், ஒருநாள் என்னிடம் கேட்டார்: "சேர், பிளேன் பறக்கிறதும் இந்த மண்ணெண்ணெயிலதானாம். உள்ளதுதானா?" உள்ளதுதான் என்றேன். அவர் சிறிது நேரம் வானத்தைப் பார்த்திருந்துவிட்டு, "அப்ப அதுவும் எங்களப்போல வரிசையிலதான் நிக்கணும்" என்றார்.

அவர் சொன்னது அந்த நாட்களில் எழுத்துக்கு எழுத்து உண்மையாயிருந்தது. அந்நியச் செலாவணி வற்றிப்போய், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் விமானங்களுக்கு நிரப்பப் போதிய எரிபொருள் இல்லாமற் போனபோது, நமது இலங்கையிலிருந்து நெடுந்தூரம் செல்லவேண்டிய விமானங்கள் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி, எண்ணெய் நிரப்பிக்கொண்டு, பின்னரே தத்தம் வழி சென்றன. பயணிகளை ஏற்றவோ இறக்கவோ அன்றி, எரிபொருளுக்காக மட்டுமே தரையிறங்கிய விமானங்கள் அவை. வாவிக்கரையில் நின்ற கானும், அயல்நாட்டு ஓடுபாதையில் நின்ற விமானமும் ஒரே பஞ்சத்தின் இரு முனைகளாயிருந்தன.

விமான எரிபொருள் என்று நாம் சொல்லும் ஜெட் ஏ-1, அடிப்படையில் மண்ணெண்ணெய்தான். மசகு எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும்போது, இலேசான பெற்றோலுக்கும் கனத்த டீசலுக்கும் நடுவே பிரிந்துவரும் பகுதியே, குப்பி விளக்குக்கும் மீன்பிடி எஞ்சினுக்கும் ஜெட் இயந்திரத்துக்கும் பொதுவான மூலப்பொருள். பதினொரு கிலோமீற்றர் உயரத்தில், பூச்சியத்துக்குக் கீழே ஐம்பது பாகைக்கு மேற்பட்ட குளிரைக் கடந்து செல்லும் விமானத்துக்கு, உறைநிலை பூச்சியத்துக்குக் கீழே நாற்பத்தேழு பாகையிலோ அதற்கும் கீழோ இருக்கத்தக்கதாக, நீரும் மாசும் அறவே நீங்கும்படி அது சுத்திகரிக்கப்படுகிறது, வித்தியாசம் அவ்வளவே. ஆகையால் உலகச் சந்தையில் இந்தப் பகுதிக்கு விலை ஏறினால், அந்த ஏற்றம் ஏழை வீட்டு விளக்கையும் விமான டிக்கட்டையும் ஏககாலத்தில் தொடுகிறது.

இந்த ஏற்றம் ஒரு விமானத் தொழிலை எவ்வாறு வதைக்கிறது என்பதை அறிய விரும்புவோர், நமது அயல்நாடாகிய இந்தியாவை உற்றுநோக்குதல் வேண்டும். பயணிகளின் தொகையில் உலகின் முதன்மையான விமானச் சந்தைகளுள் ஒன்றாக வளர்ந்திருக்கும் அந்நாட்டிலேதான், நிறைந்த விமானங்களும் வெறுமையான கஜானாவும் ஒரே கம்பனியில் குடியிருக்கும் விசித்திரத்தைத் திரும்பத் திரும்பக் காண்கிறோம். பிற தேசங்களில் ஒரு விமானக் கம்பனியின் நடப்புச் செலவில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையே எரிபொருளுக்குப் போகையில், இந்தியாவில் அது ஐந்தில் இரண்டு பங்கை எட்டிவிடுகிறது. ஊழியர் சம்பளத்தைச் சிறிது தள்ளிப்போடலாம். விமான வாடகைக்குத் தவணை கேட்கலாம். எண்ணெய் நிரப்பாத விமானமோ நின்ற இடத்தைவிட்டு அசையாது.

கணக்கைச் சிறிது அருகில் வைத்துப் பார்ப்போம். நூற்றெண்பது பேர் அமரும் எயார்பஸ் ஏ320 விமானம், பறக்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஏறத்தாழ இரண்டரைத் தொன் எண்ணெயை, அதாவது மூவாயிரம் லீற்றருக்குச் சற்று அதிகமாக, எரிக்கிறது. 2020 மே மாதத்தில், பெருந்தொற்றினால் உலகமே ஒடுங்கிக் கிடந்தபோது, டெல்லியில் ஆயிரம் லீற்றர் விமான எரிபொருளின் விலை 22,000 இந்திய ரூபாவுக்கும் குறைவாயிருந்தது. ரஷ்ய–உக்ரைன் யுத்தம் மூண்டு, மசகு எண்ணெய் பீப்பாய் ஒன்று 130 டொலரைத் தாண்டிச் சென்றுவந்த 2022ஆம் ஆண்டின் ஜூன் நடுவிலோ அதே அளவு எண்ணெயின் விலை 1,41,000 ரூபாவைக் கடந்துவிட்டது. எல்லா ஆசனங்களும் நிறைந்திருந்தனவென்றே வைத்துக்கொண்டாலும், ஓர் ஆசனத்தை ஒரு மணித்தியாலம் ஆகாயத்தில் வைத்திருக்க ஆன எண்ணெய்ச் செலவு, இரண்டே வருடங்களில் ஏறத்தாழ 380 ரூபாவிலிருந்து 2,400 ரூபாவுக்கு மேல் உயர்ந்தது. விமானியின் சம்பளம், பராமரிப்பு, விமான நிலையக் கட்டணம் ஆகிய யாவும் இதற்கு மேற்பட்டவை.

உலகச் சந்தையின் ஏற்றம் எல்லா நாடுகளுக்கும் பொது. இந்தியாவின் சுமையை விசேஷமாகக் கனக்கச் செய்பவை வேறு மூன்று. முதலாவது, விலை நிர்ணயம். அந்நாட்டில் பெரிய சுத்திகரிப்பு ஆலைகள் இருந்தும், அவற்றிலிருந்து விமான எரிபொருள் ஏற்றுமதியே செய்யப்பட்டும், உள்நாட்டில் விற்கும் விலை, வளைகுடாவிலிருந்து இறக்குமதி செய்தால் என்ன ஆகுமோ அதை அனுசரித்தே கணிக்கப்படுகிறது. இரண்டாவது, வரி. 2017 ஜூலையில் தேசமெங்கும் ஒரே பொருள் சேவை வரி வந்தபோது, விமான எரிபொருள் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டது. மத்திய அரசின் கலால் வரியோடு, மாநிலங்கள் ஒன்று முதல் முப்பது வீதம் வரை தத்தமக்கு வேண்டியவாறு விதிக்கும் பெறுமதி சேர் வரியும் அதன்மேல் ஏறுகிறது. தமிழ்நாட்டில் அது நெடுங்காலமாக 29 வீதம். விலையின் மீது வீதாசாரமாக விதிக்கப்படும் வரி ஆதலால், எண்ணெய் விலை ஏறுந்தோறும் வரியும் தானாக ஏறி, சுமையை மேலும் கூட்டுகிறது. மூன்றாவது, நாணயம். எண்ணெய் விலை கணிக்கப்படுவதும் விமான வாடகை கொடுக்கப்படுவதும் டொலரில். பயணியிடம் வாங்குவது ரூபா. ரூபா தளரும் ஒவ்வொரு முறையும், உலக விலை அசையாதிருக்கும்போதுகூட, கம்பனியின் கணக்கில் எண்ணெய் விலை ஏறிவிடுகிறது.

இந்தச் சுமையின் கீழ் பெயர்பெற்ற ஸ்தாபனங்களும் சாய்ந்தன. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் தரையில் நின்றது. 2018ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மசகு எண்ணெய் 86 டொலர்வரை ஏறியதும், இந்திய ரூபா டொலருக்கு 74ஐத் தொட்டதும் சேர்ந்துகொள்ள, கால் நூற்றாண்டு பறந்த ஜெட் எயார்வேஸ் 2019 ஏப்ரல் 17ஆம் திகதி தன் சேவையை நிறுத்திக்கொண்டது. இவற்றின் வீழ்ச்சிக்கு எரிபொருள் ஒன்றே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. அளவுக்கு மிஞ்சிய கடனும், விலைப் போட்டியும் முன்னமே உடலை நலித்திருந்தன. நலிந்த உடலை முதலில் வீழ்த்தும் காய்ச்சலாக எண்ணெய் விலை வந்து சேர்ந்தது என்பதே பொருத்தம்.

நிலைத்திருக்கும் கம்பனிகளும் சும்மா இருக்கவில்லை. 2023 அக்டோபரில் இண்டிகோ, தூரத்துக்குத் தக்கவாறு 300 ரூபா முதல் 1,000 ரூபா வரை எரிபொருள் கட்டணம் என ஒன்றை டிக்கட்டின்மேல் சேர்த்து, விலை இறங்கியபின் 2024 ஜனவரியில் அதை நீக்கியது. பழையவற்றைவிட ஏறத்தாழ 15 வீதம் குறைவாக எண்ணெய் எரிக்கும் புதிய இயந்திரங்களைப் பூட்டிய விமானங்களை அவை வாங்குகின்றன. தரையில் உருளும்போது இரண்டு இயந்திரங்களில் ஒன்றை மட்டும் இயக்குகின்றன. ஆசனங்களின் எடையைக் குறைக்கின்றன. விமானி சுமந்துசென்ற தடித்த காகிதக் கையேடுகளுக்குப் பதிலாக ஒரு சிறு கணினித் தகட்டை வைக்கின்றன. ஒரு கிலோ எடை குறைந்தால் மிச்சமாகும் எண்ணெய் சில துளிகளே. நாள்தோறும் நூற்றுக்கணக்கான விமானங்கள் பறக்கையில் அந்தத் துளிகள் குளமாகின்றன.

விலை ஏறுமுன்பே எதிர்கால எண்ணெய்க்கு விலை பேசி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றும் உண்டு. அது இருபுறமும் கூரான கத்தி என்பதை நாம் அந்நியரிடம் கற்க வேண்டியதில்லை. மசகு எண்ணெய் 2008 ஜூலையில் 147 டொலருக்கு ஏறி, அதே ஆண்டு டிசெம்பரில் 40 டொலருக்குக் கீழே சரிந்தபோது, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் வங்கிகளோடு செய்திருந்த அத்தகைய ஒப்பந்தங்கள் பெருநட்டமாக முடிந்து, விவகாரம் நீதிமன்றங்கள் வரை சென்றது.

இத்தனையும் செய்தபின்னும் மிஞ்சும் சுமையை யார் தாங்குகிறார்கள் என்பதே என் மனத்தை அலைக்கும் வினா. சென்னை–டெல்லி போன்ற பெருந்தடத்தில் கட்டணத்தை உயர்த்தினாலும் ஆசனங்கள் நிறைகின்றன. சிறு நகரத்துத் தடத்திலோ, கட்டணம் சிறிது உயர்ந்தாலும் பயணி பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் திரும்பிவிடுகிறான்; அரை விமானம் காலியாகப் பறக்கிறது; அடுத்த அட்டவணையில் அந்த ஊரின் பெயரே இல்லாமற் போகிறது. இதை உணர்ந்தே இந்திய அரசு, 2016இல் அறிவித்து 2017 ஏப்ரலில் தொடங்கிய 'உடான்' திட்டத்தில், சிறு நகரங்களுக்குப் பறக்கும் விமானங்களுக்கான எரிபொருள் மீது மாநில வரியை ஒரு வீதமாகக் குறைக்கச் செய்து, நட்டத்துக்கு மானியமும் வழங்கியது. சேலத்து விமான நிலையம் 2018 மார்ச்சில் அந்தத் திட்டத்தினால் உயிர்பெற்று, பெருந்தொற்றுக் காலத்தோடு சேவை ஓய்ந்து, 2023 அக்டோபரில் மீண்டும் உயிர்பெற்றது. அத்திட்டத்தின் முதல் மூன்று கட்டங்களில் வழங்கப்பட்ட 774 தடங்களுள், மூன்று வருட மானியக் காலத்துக்குப் பின்னும் 2023 மார்ச்சில் நிலைத்திருந்தவை 54 மாத்திரமே என்று அந்நாட்டுக் கணக்காய்வாளர் எழுதிவைத்திருக்கிறார். சிறு ஊருக்கு விமானம் கொண்டுவருவது எளிது. எண்ணெய் விலையின் எதிரே அதை நிறுத்திவைப்பதே அரிது.

சேலத்தில் விமானம் இறங்கிய அதே 2018 மார்ச்சில்தான் நமது மட்டக்களப்பு விமான நிலையமும் சிவில் சேவைக்குத் திறக்கப்பட்டது என்பதை நினைக்கையில், இந்தக் கணக்கு எனக்குப் பிறநாட்டுக் கணக்காகத் தோன்றுவதில்லை. நகரின் தென்மேற்கே வாவியை ஒட்டி, 1958இல் அமைக்கப்பட்ட அந்த ஓடுபாதை, யுத்த வருடங்களில் விமானப்படையின் வசம் கிடந்து, 2016 ஜூலையில் உள்நாட்டு விமான நிலையமாக மீண்டது. சிறு விமானங்கள் வந்துபோவதுண்டு. ஆனால் படுவான்கரையிலிருந்து ஒரு விவசாயி தன் நோயாளித் தாயைக் கூட்டிக்கொண்டு, முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கொழும்புக்கு டிக்கட் வாங்கத்தக்க சேவை இன்னும் இங்கே வேரூன்றவில்லை. காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் வளைகுடாவுக்கு உழைக்கப் போகும் பிள்ளைகளும், சிதம்பரத்துக்கும் சபரிமலைக்கும் மக்காவுக்கும் யாத்திரை போகும் முதியவர்களும், ஓர் இரவு முழுவதும் பஸ்ஸிலோ ரயிலிலோ உட்கார்ந்திருந்தபின்பே தமது முதல் விமானத்தைக் காண்கிறார்கள்.

வடக்கே யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தில் நடந்தது நமக்கு நம்பிக்கை தருவது. 2022 டிசெம்பரில் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே, எண்ணெயைச் சிக்கனமாக எரிக்கும் விசிறி பூட்டிய ஏ.டி.ஆர். விமானச் சேவை மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் அத்தடத்தில் இறங்கியது. குறுகிய தூரத்துக்கு உகந்த விமானமும், அதற்கு உகந்த எரிபொருள் வரியும், சில வருடங்களாவது தளராத ஆதரவும் ஒருங்கே வாய்த்தால், வாவிக்கரையிலிருந்து திருச்சிக்கோ சென்னைக்கோ ஒரு பாதை திறப்பது ஆகாத காரியமன்று. இவற்றுள் ஒன்று குறைந்தாலும், அடுத்த எண்ணெய் ஏற்றம் அதை முதல் வருடத்திலேயே விழுங்கிவிடும்.

அந்தக் கான் வரிசை நீங்கிய பின் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2022 ஆகஸ்ட் பிற்பகுதியில் ஒருநாள் நள்ளிரவில், மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. விமானக் கம்பனி தன் ஏற்றத்தை எரிபொருள் கட்டணமென்று பெயரிட்டு டிக்கட்டில் எழுதிவிடலாம். கல்லடி மீனவர் பிடித்துவந்த மீனுக்கு விலை சொல்பவர் வாடியில் நிற்கும் முதலாளி. அவருடைய துண்டுச்சீட்டில் அப்படியொரு வரி எழுத இடமில்லை. எரிபொருளின் விலையையும் வரியையும் நிர்ணயிக்கும் அதிகாரம் படைத்தவர்கள், விமானத்துக்குச் சலுகை தரும் நாளில், அதே எண்ணெயில் ஓடும் அந்த எஞ்சின் போட்டையும் தம் கணக்கேட்டில் ஒரு வரியாக எழுதிக்கொள்ள வேண்டும் என்பதே இந்த வாவிக்கரைவாசியின் பிரார்த்தனை.